போனில் உங்கள் பெயர் என்ன?

மதுரையில் 31 வருடம் கடை போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். தகரம், பலகை, சுவர், ஷட்டர், குட்டியானையின் பக்கவாட்டு, ஆட்டோவின் முதுகு என்று எழுதாத பரப்பு இல்லை. அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்து என் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டது. இப்போது மகன் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வைத்திருக்கிறான். நான் அவன் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரோட்டில் போகிற வருகிற போர்டையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்டுத்தான் ஆசிரியர் இந்தப் பக்கத்தைக் கொடுத்தார் போலிருக்கிறது. "சின்னதாக சர்வீஸ் தொழில் செய்கிறவர்கள் விளம்பரம் பற்றிக் கேட்கலாம்" என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஏ.சி. மெக்கானிக், திருப்பூர்: எட்டு வருடமாக ஏ.சி. சர்வீஸ் செய்கிறேன். கூடவே ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஆர்.ஓ., இன்வெர்ட்டர், சி.சி.டி.வி. எல்லாம் பார்ப்பேன். எல்லாவற்றையும் போட்டு 2,000 நோட்டீஸ் அடித்துப் பேப்பரோடு வைத்து விட்டேன். நாலு போன்கூட வரவில்லை. எழுத்து போதவில்லையா, கலர் போதவில்லையா? நோட்டீஸின் படம் இணைத்திருக்கிறேன்.

படத்தைப் பார்த்தேன் தம்பி. எண்ணியும் பார்த்தேன். ஒன்பது வேலை, மூன்று போன் நம்பர், ஒரு பிள்ளையார், ஒரு பனிமலை, இரண்டு பெங்குவின். பெங்குவின் ஒன்று போதாதா? உங்கள் பெயர் எங்கே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன். பிள்ளையாருக்கும் தள்ளுபடிக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

அடுத்த நோட்டீஸுக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களிடம் வேலை வாங்கிய பத்துப் பேருக்குப் போன் போட்டு, "அக்கா, என் நம்பரை உங்கள் போனில் என்ன பெயரில் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மதுரை அண்ணா நகர் பக்கம் தண்ணீர்த் தொட்டி கழுவும் ஒருவருக்கு வேன் எழுதப் போனேன். ஆங்கிலத்தில் நாலு வார்த்தைப் பெயர் வைத்திருந்தார். கடைசி வார்த்தை 'சொல்யூஷன்ஸ்'. அந்த நாலு வார்த்தையும் வேனில் ஒரே வரியில் அடங்கவில்லை. அளந்து பார்த்துவிட்டு, "உங்களை உங்கள் கஸ்டமர் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு வாருங்கள், அதற்குள் நான் அடிக்கலர் பூசுகிறேன்" என்று அனுப்பினேன். மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தார். போன்களில் அவர் 'டேங்க் கழுவுறவர்', 'டேங்க் அண்ணன்', 'சின்டெக்ஸ்காரர்' என்று இருந்தார். ஒரு வீட்டில் வெறும் 'தொட்டி'. சொல்யூஷன்ஸ் என்று ஒருத்தர்கூடப் போட்டிருக்கவில்லை. அவருக்கு உள்ளுக்குள் வருத்தம்தான், அந்தப் பெயரை வைத்துத்தான் பூஜை போட்டுத் தொடங்கியிருந்தார். பெயரைக் கீழே சின்னதாக இறக்கிவிட்டு, 'டேங்க் கழுவ' என்ற இரண்டு வார்த்தையை ஓரடி உயரத்தில் எழுதினேன். அடியில் ஒரே ஒரு நம்பர். வேன் சிக்னலில் நிற்கும்போது பின்னால் டூவீலரில் இருப்பவர் பச்சை விழுவதற்குள் படித்து முடித்துவிடுவார். அப்புறம் அந்த எழுத்தையும் அந்த நீலத்தையும் அவர் மாற்றவே இல்லை. வேனை மாற்றினார், எழுத்தை அப்படியே அடுத்த வேனுக்குக் கொண்டுபோனார்.

உங்களையும் அநேகமாக 'ஏசி தம்பி', 'ஏசி மெக்கானிக் திருப்பூர்' என்று ஏதாவது போட்டிருப்பார்கள். யாராவது 'சிசிடிவி' என்று போட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் அதை நோட்டீஸிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலையை விடச் சொல்லவில்லை. ஏ.சி. பார்க்க வீட்டுக்குள் வந்து, செருப்பை வெளியே விட்டு, கீழே பேப்பர் விரித்து, வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துக் கொடுத்தவரிடம் அந்த வீட்டு அம்மா தானாகவே "வாஷிங் மெஷினும் சத்தம் போடுது, ஒரு பார்வை பாருங்களேன்" என்பார். அந்த வேலை நோட்டீஸ் பார்த்து வருவதில்லை.

2,000 நோட்டீஸின் காசுக்கு நல்ல வினைல் ஸ்டிக்கர் அடியுங்கள். உள்ளங்கை அகலம் போதும். 'ஏ.சி. சர்வீஸ்', உங்கள் பெயர், ஒரு நம்பர், கீழே இரண்டு காலிக் கோடு: சர்வீஸ் செய்த தேதி, அடுத்து செய்ய வேண்டிய தேதி. இதை மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் ஒட்டாதீர்கள், அங்கே காக்காதான் படிக்கும். உள்ளே ஸ்டெபிலைசர் பக்கத்திலோ, இன்டோர் யூனிட்டின் பக்கவாட்டிலோ, வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு ஒட்டுங்கள். ஏ.சி. மக்கர் செய்யும்போது மனிதன் நிமிர்ந்து பார்க்கிற இடம் அது. தேதியை மார்க்கரில் எழுதுங்கள். வினைலில் பால்பாயின்ட் பிடிக்காது. பேப்பர் ஸ்டிக்கர் வேண்டாம், உரித்தால் பாதி வரும், பாதி ஒட்டிக்கொண்டு உங்களைத் திட்ட வைக்கும்.

நோட்டீஸ் அடித்தே தீருவேன் என்றால் மாசியிலேயே அடியுங்கள். பங்குனி வெயில் ஏறிவிட்டால் ஊரில் எல்லோரும் அடிப்பார்கள், எல்லார் நோட்டீஸிலும் பெங்குவின் இருக்கும்.

பிளவுஸ் தையல், ஆரி வேலை செய்பவர், காரைக்குடி: 14 வருடமாக ஒரே மயில் படம்தான் என் கடைக்கு. கல்லூரி முடித்த மகன், "ரொம்பப் பழசா இருக்கு, மாத்தும்மா" என்று புதிதாக ஒன்று வரைந்து வைத்திருக்கிறான். வட்டத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்து. மாற்றலாமா?

வேண்டாம் அம்மா. மகன் கோபித்துக்கொள்ளாமல் இருக்க அந்த மயிலையே அவனிடம் கொடுத்து, தோகையில் இருக்கும் கோடுகளைக் குறைத்து, சின்னதாக அச்சடித்தாலும் தெரிகிற மாதிரி சுத்தமாக வரைந்து தரச் சொல்லுங்கள். மயில் அதே திசையைப் பார்க்கட்டும், கலரும் அதுவாகவே இருக்கட்டும்.

நம் போர்டு நமக்குத்தான் முதலில் சலிக்கும். தினமும் ஷட்டரைத் தூக்கும்போது பார்க்கிறோமே. கஸ்டமர் வருடத்துக்கு நாலு தடவை, அதுவும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் அவசரமாக வருகிறவர். உங்களுக்குச் சலித்துப்போன சமயத்தில்தான் அவர்கள் மனதில் அது ஒட்டவே தொடங்கியிருக்கும்.

நானே பட்டவன். என் கடைக்கு முதல் ஐந்து வருடத்தில் மூன்று முறை பெயரை மாற்றினேன். ஒரு எண்கணிதக்காரர் ஆங்கிலத்தில் ஒரு எச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். இன்னொருவர் அந்த எச்தான் வேலையைக் கெடுக்கிறது என்றார், எடுத்தேன். அப்புறம் மகள் பிறந்ததும் அவள் பெயர். ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் எதிர்க் கடையில் போய், "இங்கே ஒரு ஆர்ட்டிஸ்ட் இருந்தாரே, காலி பண்ணிட்டாரா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஏணியில் நின்று என் புதுப் பெயருக்கு ஷேடு போட்டுக்கொண்டிருக்கிறேன்! ஊருக்கெல்லாம் போர்டு எழுதினவன் கதை இது.

எங்கள் தொழிலில் ஏசியன் பெயின்ட்ஸ் டப்பா தெரியாதவர் கிடையாது. காலி டப்பாதான் எங்களுக்கு ஸ்டூல். அதில் கையில் பிரஷ்ஷோடு ஒரு குறும்புக்காரப் பையன் இருப்பான், நெற்றியில் முடி விழுந்து. 'கட்டு' (Gattu) என்று பெயர். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் 1954-இல் வரைந்தது. 2002 வரைக்கும் அவனை வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கூடக் கடையில் வந்து, "அந்தப் பையன் படம் போட்ட டப்பா கொடுங்க" என்பார். அவ்வளவு பெரிய கம்பெனியே ஒரு படத்தை ஏறக்குறைய ஐம்பது வருடம் வைத்திருந்தது. உங்கள் மயிலுக்கு வயது 14தான்.

மாற்ற ஆசையாக இருந்தால் மயில் போகிற இடங்களைக் கூட்டுங்கள். பிளவுஸின் பின்கழுத்து உள்பக்கம் தைக்கிற லேபிளில் மயில் இருக்கிறதா? தைத்த துணியை எதில் போட்டுக் கொடுக்கிறீர்கள்? ஒரு சின்ன மஞ்சள் பையில் அரக்கு நிறத்தில் அந்த மயிலை மட்டும் அச்சடித்துக் கொடுத்துப் பாருங்கள். அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியதிலிருந்து அந்தப் பையைக் கையில் பிடிக்க யாரும் வெட்கப்படுவதில்லை. உங்கள் மயில் சந்தைக்குப் போகும், கோயிலுக்குப் போகும், பஸ் ஏறித் தேவகோட்டைக்கும் போகும். பைக்குள் கத்தரிக்காய் இருந்தால் என்ன?

சமையல் கான்ட்ராக்டர், கும்பகோணம்: போர்டுக்கும் வண்டிக்கும் எந்தக் கலர் நல்லது? ராசிக்கு மெரூன் என்கிறார்கள்.

ராசியை நான் பார்ப்பதில்லை, எதிர்வெயிலைப் பார்ப்பேன். ஃப்ளெக்ஸில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். நாள்பட்ட பேனரில் மாப்பிள்ளை முகம் நீலம் பாரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். மேற்குப் பார்த்த போர்டு என்றால் இன்னும் சீக்கிரம். தூரத்திலிருந்து படிக்க, மஞ்சளில் கறுப்பும் வெள்ளையில் கருநீலமும் நன்றாக எடுக்கும். பச்சையில் சிவப்பு எழுதச் சொல்லி வருபவர்களிடம் நான் முன்பணம் வாங்கியதே இல்லை. உங்கள் தெருவில் மற்ற சமையல்காரர்கள் வைக்காத கலர் எது என்று பார்த்து அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெரூனே காலியாக இருந்தால் மெரூனே இருக்கட்டும், எழுத்தை மட்டும் வெள்ளையாக வையுங்கள்.

ஆனால் உங்கள் தொழிலுக்குப் போர்டு இரண்டாம் பட்சம். பந்தியில் ரசம் நன்றாக அமைந்துவிட்டால் பக்கத்து இலைக்காரரிடம் ஒருவர், "சமையல் யாரு?" என்று கேட்பார் பாருங்கள், உங்கள் விளம்பரம் அந்த இடத்தில்தான் நடக்கிறது. பதில் அவர் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். பரிமாறுகிற பையன்களுக்கு ஒரே நிறத்தில் சட்டை தைத்துக் கொடுங்கள், பெயரை முதுகில் போடுங்கள். குனிந்து பரிமாறும்போது சட்டையின் முன்பக்கம் கசங்கி வாளி மறைத்துவிடும். அடுத்த இலைக்கு நகரும்போது முதுகு தெரியும். நம்பரெல்லாம் சட்டையில் வேண்டாம். பெயரைப் பார்த்தவர் கல்யாண வீட்டாரிடம் நம்பர் வாங்கிக்கொள்வார். அந்தச் சிபாரிசோடு வருகிற போன் பேரம் பேசாது.

எலக்ட்ரீஷியன், ஈரோடு: தினமும் என் பெயர் போட்ட 'காலை வணக்கம்' படத்தை 400 வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். யாரும் பதில் போடுவதில்லை. பார்க்கிறார்களா என்றே தெரியவில்லை.

பாதிப் பேருக்குப் போயே சேர்ந்திருக்காது. வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உங்களை மியூட்டில் போட்டிருக்கிறார்களோ! ரோஜாப்பூவும் சூரியனும் அவர்களுக்கு மாமா, சித்தி, பழைய ஹெட்மாஸ்டர் என்று பத்துப் பேரிடமிருந்து வருகிறது.

வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஒன்று ஐப்பசி மழைக்கு முன்னால்: "மழை தொடங்குகிறது. மெயின் பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி.யின் (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கரண்ட் கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்." இன்னொன்று கோடைக்கு முன்னால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற. இரண்டுக்கும் கீழே ஒரே மாதிரி உங்கள் பெயர். படம் வேண்டாம், எழுத்தே போதும். இதில் அவர்களுக்கு ஒரு காரியம் இருக்கிறது.

வேலை முடிந்து கிளம்பும்போது, "நம்பரைப் போட்டுக்கோங்க, 'எலக்ட்ரீஷியன்' என்று முதலில் போட்டு அப்புறம் என் பெயர் போடுங்க" என்று நீங்களே சொல்லுங்கள். ராத்திரி ஃப்யூஸ் போனால் உங்கள் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது, எலக்ட்ரீஷியன் என்றுதான் தேடுவார்கள்.

பெயர் வெளியிட வேண்டாம், நாகர்கோவில்: ரோட்டோர மரங்களில் சின்னத் தகர போர்டு அடித்தால் செலவு குறைவு. செய்யலாமா?

செய்யாதீர்கள். ஆணி அடித்த மரத்தைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்தான் உங்கள் பெயரை முதலில் படிப்பார். சட்டமும் இருக்கிறது, பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 1959-லேயே போட்டது. ரோட்டில் பேனர் கட்டுகிற எண்ணமும் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஒரு பெண்ணின் உயிர் போனதை என்னால் மறக்க முடியவில்லை. பேனர் தொழிலில் காசு பார்த்தவன் என்பதால் கூடுதலாக உறுத்துகிறது.

கரையான், கரப்பானுக்கு மருந்து அடிப்பவர், கோவை: பெயரை ஆங்கிலத்தில் வைத்தால்தான் அபார்ட்மென்ட்காரர்கள் மதிப்பார்கள் என்கிறார் பார்ட்னர். தமிழில் வைத்தால் எடுபடுமா? கூகுளில் தேடும்போது வருமா?

கடை போர்டில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 கணக்கு. விதிக்காக மூலையில் ஒரு தமிழ் வரியைச் செருகுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எழுதிக் கொடுத்துக் காசும் வாங்கியிருக்கிறேன், சரி.

பார்ட்னரிடம் ஒன்று கேளுங்கள். அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் உங்களை எப்படிச் சொல்வார்? "எங்க வீட்டுக்குக் கரையான் மருந்து அடிச்சாங்களே..." என்றுதான் தொடங்குவார். அப்புறம்தான் உங்கள் பெயர். பெயர் இரண்டு, மூன்று அசைக்குள், அவர் வாயில் தடுக்காமல் வந்தால் போதும். தமிழா ஆங்கிலமா என்பதில் அவ்வளவு விஷயம் இல்லை. தடுக்கினால், "என்னமோ பேர், வாட்ஸ்அப்ல அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு நாலாவது மாடியில் இறங்கிப் போய்விடுவார். அனுப்ப மாட்டார்.

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம்தான், தொடங்கிவிடுங்கள். போர்டில் என்ன பெயரோ அதே பெயர், எழுத்து மாறாமல். சிலர் பெயரோடு 'கோவை நம்பர் ஒன் கரையான் கரப்பான் எலி' என்று தொடர் வண்டி ஓட்டுகிறார்கள். அது கூகுளின் விதிக்கு விரோதம், ஒரு நாள் கணக்கை முடக்கிவிட்டால் சேர்த்த ரிவ்யூவெல்லாம் தொங்கலில் நிற்கும். என்ன வேலை என்பதற்குத் தனியாக ஒரு வகை தேர்ந்தெடுக்கச் சொல்லும், அதில் போட்டுக்கொள்ளுங்கள். முகப்புப் படத்துக்கு இணையத்தில் எடுத்த வெள்ளைக்காரர் படம் வேண்டாம். உங்கள் வண்டி, உங்கள் சட்டை, நீங்கள். கதவைத் திறக்கிறவருக்கு, போனில் பார்த்த அதே ஆள்தான் வாசலில் நிற்கிறார் என்று தெரிய வேண்டும். விஷ மருந்தோடு வீட்டுக்குள் வருகிற ஆள் நீங்கள்.

போர்டு அளவும் கேட்டிருந்தீர்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது நாங்கள் வைத்திருந்த கணக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அறுபதடி என்றால் ஆறு அங்குலம். தமிழுக்கு அதையும் கொஞ்சம் தாராளமாக வைக்க வேண்டும். ண, ன, ழ எல்லாம் சுழியும் கொக்கியுமாக இருப்பவை. ஃப்ளெக்ஸ் கடையில் இடம் போதவில்லை என்றால் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கிப் பொருத்திவிடுவார்கள். சுழி அடைந்துபோய் மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்றே தெரியாது. எழுத்தை அமுக்க விடாதீர்கள், வார்த்தையைக் குறையுங்கள்.

டூவீலர் ஒர்க்‌ஷாப், சேலம்: என்னிடம் வேலை கற்ற பையன் இரண்டு தெரு தள்ளி, ஓர் எழுத்து மட்டும் மாற்றி என் பெயரிலேயே கடை போட்டுவிட்டான். போர்டு கலரும் என்னுடையதே. என்ன செய்வது?

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். நீங்கள் வேலை கற்றுக்கொடுத்த பையன்தானே. பாதி விஷயம் ஒரு டீயில் முடியும்.

முடியாவிட்டால் டிரேட்மார்க். ஜி.எஸ்.டி. எண்ணோ, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவோ பெயரை உங்களுக்குச் சொந்தமாக்காது. பலர் அப்படி நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். டிரேட்மார்க் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு தொழில் வகைக்கு, 4,500 ரூபாய், பெரிய நிறுவனங்களுக்கு 9,000. ரிப்பேர், சர்வீஸ் வேலைகள் 37-ஆம் வகுப்பில் வரும். பதிவானால் பத்து வருடம், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். நம் பக்கத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அதே இணையதளத்தில் வேறு யாராவது அந்தப் பெயரை வைத்திருக்கிறார்களா என்று காசில்லாமல் தேடிப் பார்த்துவிடுங்கள். பதிவாகும் முன் பெயருக்கு மேல் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' மட்டும் போடக்கூடாது, பதிவாகாமல் போடுவது சட்டப்படி தவறு.

ஒரு சிக்கலும் உண்டு. ஊர் பெயரையும் வேலை பெயரையும் சேர்த்து, சேலம் பைக் சர்வீஸ் என்கிற மாதிரி இருந்தால் அதைத் தனியுரிமையாகக் கொடுக்கத் தயங்குவார்கள். அது எல்லோருக்கும் பொதுவான வார்த்தை. உங்கள் கடிதத்தில் இருக்கும் பெயர் அப்படி இல்லை, தைரியமாகப் போங்கள். பழைய பில் புத்தகம், தேதியோடு இருக்கும் நோட்டீஸ், கடை திறந்த அன்று எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். பதிவு இல்லாவிட்டாலும், பல வருடமாக அந்தப் பெயரில் தொழில் செய்ததைக் காட்டினால் கோர்ட்டில் கேட்க வழி இருக்கிறது. அதற்கு வக்கீல்தான் வேண்டும், நான் போதாது.

பிளம்பர், வயது 61, திருநெல்வேலி: பேரன் ஃபேன்சி நம்பர் வாங்கித் தருகிறேன் என்கிறான். கடைசியில் நாலு ஏழு வரும். பழைய நம்பரை விட்டுவிடலாமா?

விடாதீங்க அண்ணாச்சி. அந்தப் பழைய நம்பர் எத்தனை வீட்டுக் கதவின் உள்பக்கம், எத்தனை மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறதோ! சிக்னல் சரியில்லை என்றால் கம்பெனியை மாற்றுங்கள், நம்பர் அதுவே இருக்கும். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க அந்த வசதி இருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், வேறு யாருக்காவது போய்விடும்.

நம்பரில் ஓர் இலக்கம் தப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். லேண்ட்லைன் காலத்தில் ஒரு கிரைண்டர் ரிப்பேர்காரருக்கு போர்டு எழுதினேன். அவசரத்தில் 3-ஐ 8 ஆக்கிவிட்டேன். கால் எல்லாம் ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறது. பாவம், அந்த அம்மா இரண்டு நாள் "ராங் நம்பர்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து கேட்கிறவர்களிடம் விலாசம் வாங்கி எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் போர்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து, ஒரு காகிதத்தில் ஏழு விலாசத்தையும் கிரைண்டர்காரரிடம் கொடுத்துவிட்டு, என்னை மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் நம்பரை எழுதியதும் கஸ்டமரைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். அவர் எங்கே நிறுத்திப் படிக்கிறாரோ அங்கே இடைவெளி விடுவேன். ஐந்து ஐந்தாகச் சொல்கிறவருக்கு ஐந்து ஐந்தாகத்தான் எழுத வேண்டும்.

வீட்டுக்கே வரும் பியூட்டீஷியன், சென்னை: எல்லோரும் ரீல்ஸ் போடுகிறார்கள். நானும் ஆட வேண்டுமா?

ஆடப் பிடித்தால் ஆடுங்கள். பிடிக்காமல் ஆடினால் அது முகத்தில் தெரிந்துவிடும், உங்கள் தொழிலே முகம். சம்மதம் வாங்கிக்கொண்டு, மருதாணி வைத்த கையையோ பின்னலையோ எப்போதும் ஒரே துணிப் பின்னணியில் எடுத்துப் போடுங்கள். மஞ்சள் என்றால் எப்போதும் மஞ்சள். பெருவிரல் தள்ளிக்கொண்டே போகும்போது அந்தத் துணியைப் பார்த்ததும் அது நிற்க வேண்டும்.

கேஸ் அடுப்பு, குக்கர் ரிப்பேர், திண்டுக்கல்: எக்ஸெல் வண்டியில் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாகப் போகிறேன். எல்லோரும் யூடியூபில் எடுத்த அதே பெண் குரலைப் போடுவதால் எந்த வண்டி என்றே ஜனங்களுக்குத் தெரிவதில்லை. சில நேரம் என்னை சோபா ரிப்பேர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தனியாகத் தெரிய என்ன செய்யலாம்?

உங்கள் கடிதத்தைத்தான் மகனுக்கும் படித்துக் காட்டினேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு அம்மி கொத்துகிற ஒரு அம்மா வருவார். "அம்மி கொத்தலையோ... அம்மி..." அவ்வளவுதான் அவர் சொல்வது. முதல் 'அம்மி' குட்டை, கடைசி 'அம்மி' தெரு முனை வரைக்கும் நீளும். அதே குரல், அதே நீளம். ஆட்டுக்கல்லும் கொத்துவார், திருகையும் கொத்துவார், அதையெல்லாம் சொல்ல மாட்டார். என் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "அவ வந்துட்டா, அந்த ஆட்டுக்கல்லை உருட்டுடா" என்பார். முகத்தைப் பார்க்காமலேயே 'அவ' என்று தெரியும். பழைய ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரும் அப்படித்தான். இப்போது ராத்திரி குல்ஃபிக்காரர் ஒருவர் வாயே திறப்பதில்லை. ஒரு மணி, அதுவும் மூன்று தட்டு தட்டி ஒரு நிறுத்து. எங்கள் பேத்தி தூக்கத்திலேயே எழுந்து உட்காருவாள்.

ஆகவே முதல் வேலையாக அந்தப் பெண் குரலை அழித்துவிடுங்கள். உங்கள் குரலிலேயே ஒரு வாக்கியம் பதியுங்கள். குரல் கரகரப்பாக இருந்தால் ரொம்ப நல்லது. அடுப்பு, குக்கர், மிக்ஸி, குடை என்று அடுக்காமல் 'குக்கர் விசில் வரலையா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த நேரம் அடுப்படியில் விசிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற யாரோ ஒருவர் வெளியே எட்டிப் பார்ப்பார். அப்புறம் கிழமை. இந்தத் தெருவுக்கு செவ்வாய் பத்து மணி என்றால் மழையோ வெயிலோ செவ்வாய் பத்து மணிதான். நாலு செவ்வாய் போனபின் ஐந்தாம் செவ்வாய் குக்கரை வாசல் திண்ணையில் எடுத்து வைத்திருப்பார்கள்.

ஸ்பீக்கருக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒலிமாசு விதிகள் 2000-லிருந்தே சொல்கின்றன. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை கூடவே கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இருக்கும் இடத்தில் நூறு மீட்டருக்குள் அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரே இல்லாமல் ஒரு குக்கர் மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு போனால் என்ன என்று மகன் கேட்கிறான். எனக்கு அது பிடித்திருக்கிறது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்து, இரண்டு தட்டு. செலவும் இல்லை.

எங்கள் வீட்டுக் குக்கரும் மூன்று வாரமாக விசில் வராமல் ஓரத்தில் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. கேஸ்கெட்டா, வெயிட்டா தெரியவில்லை. ஒரு குக்கருக்காக திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வருவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு ஜோலியாக இந்தப் பக்கம் வந்தால் தட்டிக்கொண்டே வாருங்கள், வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன்.